கண்ணாடிக்கு உள்பக்கம்: அக்வேரியத்தில் தன்னார்வ டைவராகச் சேர நினைப்பவர்களுக்கு

அக்வேரியத்தில் டைவ் செய்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் மூன்று கேள்விதான் கேட்பார்கள். சுறா கடிக்காதா? பயமாக இல்லையா? சம்பளம் எவ்வளவு? இதுவரை கடித்ததில்லை. ஒருமுறை நன்றாகப் பயந்திருக்கிறேன், ஆனால் சுறாவைப் பார்த்து இல்லை. சம்பளம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை 7 மணிக்குப் போகிறேன், மீன்களுக்குத் தீனி நறுக்குகிறேன், தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்க்கிறேன், மூன்று மணிக்குக் கணவாய் வாடையோடு வீடு திரும்புகிறேன். மற்ற நாட்களில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. நான்கு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

இதில் சேர விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது துப்புரவு வேலை. மீன்களோடு நீந்துவது நடுவில் தானாக நடக்கும், அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்கப் பிடிக்காதவருக்கு இந்த வேலையும் பிடிக்காது என்று எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் சொல்வார். எனக்குப் பாத்திரம் தேய்ப்பது பிடிக்கும்.

விண்ணப்பிக்கும் முன்

வயது 18 ஆகியிருக்க வேண்டும். டைவிங் சான்றிதழில் ஓப்பன் வாட்டர் என்பது அடிப்படை. பல இடங்களில் அட்வான்ஸ்டு அல்லது ரெஸ்க்யூ வரை கேட்கிறார்கள். லாக் புக்கில், அதாவது போட்ட டைவ்களை எழுதி வைக்கும் குறிப்பேட்டில், இத்தனை டைவ் இருக்க வேண்டும் என்ற கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எண்ணிக்கையைவிடக் கடைசியாக எப்போது இறங்கினீர்கள் என்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் விடுமுறையில் போட்ட நாற்பது டைவைவிட இந்த வருடம் போட்ட பதினைந்து மேல். முதலுதவி, சி.பி.ஆர்., ஆக்சிஜன் கொடுக்கும் பயிற்சி ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர்களே கற்றுத்தருவதும் உண்டு.

அடுத்தது மருத்துவப் படிவம். ஆஸ்துமா, வலிப்பு, இதயம், சர்க்கரை, காது அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். முக்கியமான கேள்வி ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலே மருத்துவரின் கையெழுத்து வேண்டும். எனக்குச் சிறுவயதில் வீசிங் இருந்தது. ஏழெட்டு வயதோடு போய்விட்டது. ‘இல்லை’ என்று ஒரு கோடு போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு உண்மையை எழுதினேன். ஊதச் சொல்லி நுரையீரலை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை எடுத்து, ஓட வைத்து, மறுபடியும் எடுத்தார்கள். மூன்று வாரம் தள்ளிப்போனது, ஆனால் கையெழுத்து கிடைத்தது.

தொட்டி ஆழம் குறைவுதானே, இதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்று தோன்றும். 3 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல 1.3 மடங்கு. அங்கே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று 30 சதவீதம் விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. ஆள் உயரத் தண்ணீரிலேயே இதனால் நுரையீரல் கிழிந்துபோகலாம். மூச்சுக்குழாய் எங்காவது சுருங்கிக் காற்று சிக்கிக்கொண்டால், நீங்கள் ஒழுங்காக மூச்சு விட்டாலும் இதே கதைதான். வீசிங் பற்றிக் கேட்பது அதற்காகத்தான்.

இடம் இல்லை என்பார்கள்

டைவர் இடம் அடிக்கடி காலியாகாது. நான் முதலில் எழுதியபோது ‘இப்போது தேவையில்லை’ என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சரி, வேறு என்ன தேவை என்று கேட்டேன். தொட்டுப் பார்க்கும் குளத்தருகே நின்று, நட்சத்திர மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்காதே என்று குழந்தைகளிடம் சொல்லும் ஆள் தேவைப்பட்டது. அதில் எட்டு மாதம் நின்றேன். பணியாளர்கள் பழக்கமானார்கள், எந்தத் தொட்டிக்கு என்ன பெயர், யார் எப்போது விடுப்பு என்பதெல்லாம் தெரிந்தது. டைவிங் குழுவில் ஒருவர் விலகியபோது அறிவிப்பு வெளியே வருவதற்குள் என் காதுக்கு வந்துவிட்டது. இதைக் குறுக்கு வழி என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் எனக்குத் தெரிந்த மீன் பெயர்களை எல்லாம் அடுக்கத் தயாராகப் போயிருந்தேன். அவர்கள் கேட்டது வேறு. எந்தக் கிழமை வர முடியும், எத்தனை மணிக்கு, ஒரு வருடத்துக்குக் குறையாமல் வருவீர்களா, வர முடியாவிட்டால் எவ்வளவு முன்னால் சொல்வீர்கள்? அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஒருவருக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, அவர் நான்காவது வாரத்தில் நின்றுவிட்டால் அந்த உழைப்பு தண்ணீரில் போனதுதான். திகில் தேடி வருபவர்களை நாசூக்காகக் கழற்றிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ‘சுறாவோடு நீந்துவது என் வாழ்நாள் கனவு’ என்று ஆரம்பித்த ஒருவருக்கு அடுத்த அழைப்பு வரவில்லை.

தேர்வும் என் தோல்வியும்

முதலில் நீச்சல் தேர்வு. பல அக்வேரியங்கள் அறிவியல் டைவர்களுக்கான அமெரிக்க அமைப்பின் அளவுகோலைத்தான் அப்படியே அல்லது கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்கின்றன. காலில் மாட்டும் துடுப்பு இல்லாமல் 400 கெஜத்தை 12 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். 10 நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும். மேலே வராமல் தண்ணீருக்கடியில் 25 கெஜம் போக வேண்டும். உங்கள் அளவுள்ள ஓர் ஆளை 25 கெஜம் இழுத்து வர வேண்டும். வாரம் மூன்று நாள் நீந்துகிறவருக்கு இது சிரமமில்லை. டைவிங் தெரிந்தால் நீச்சலும் தெரிந்ததாக நினைத்துக்கொள்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். துடுப்பில்லாத கால் வேறு கால்.

அப்புறம் தண்ணீருக்குள் மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரைத் தவறவிட்டு எடுப்பது, கூட்டாளிக்குக் காற்று கொடுப்பது. நான் தோற்றது இவை எதிலும் இல்லை, மிதப்பில். இரண்டு மீட்டர் ஆழத்தில், எதையும் தொடாமல், ஒரே மட்டத்தில் ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னார்கள். நின்றேன் என்றுதான் நினைத்தேன். மேலே வந்ததும் பயிற்சியாளர் கேட்டார்: ‘கையால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ எனக்கே தெரியாமல் இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன். கடலில் அது பெரிய குற்றமில்லை. தொட்டியில் ஒரு பக்கம் பவளம், இன்னொரு பக்கம் திருக்கை, பின்னால் கண்ணாடி. அலையும் கை எதையாவது தட்டும். இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

ஆழம் குறைந்தால் மிதப்பு எளிது என்று நினைப்பது தவறு. 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏறினால் மிதப்புக்காகக் காற்று நிரப்பிக்கொள்ளும் மேல்சட்டையில் இருக்கும் காற்று ஒன்றரை மடங்குதான் ஆகும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்கு. மேலே வர வர, ஒவ்வோர் அடிக்கும் காற்று அதிகமாக விரிகிறது. கொஞ்சம் ஏறினாலே இன்னும் ஏற்றிவிடும், கொஞ்சம் இறங்கினால் கீழே உட்கார்த்திவிடும். அக்வேரியத் தொட்டிகளோ பெரும்பாலும் இந்த ஆழத்தில்தான். 1984-இல் கலிஃபோர்னியாவில் திறந்த மான்டரே பே அக்வேரியத்தின் புகழ்பெற்ற கெல்ப் (நெடிதாக வளரும் கடற்பாசி) காட்டுத் தொட்டிகூட 28 அடிதான், அதாவது எட்டரை மீட்டர். அது உயரமான தொட்டிகளில் ஒன்று.

அந்த இரண்டு மாதத்தில் நான் செய்தது இதுதான்: நீச்சல் குளத்தில் ஒன்றரை மீட்டர் ஆழத்தில், இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் எழுதுபலகையைப் பிடித்துக்கொண்டு, அதில் நூறிலிருந்து ஏழேழாகக் கழித்து எழுதினேன். கை ஓய்ந்திருக்கும், மனம் கணக்கில் இருக்கும், உடம்பை மூச்சு மட்டும் ஏற்றி இறக்கும். முதல் வாரம் தரைக்கும் மேற்பரப்புக்கும் பந்து மாதிரிப் போய் வந்தேன். ஆறாவது வாரம் கணக்கும் சரியாக வந்தது.

இதில் ஒரு வேடிக்கை. இத்தனை கஷ்டப்பட்டு மிதக்கக் கற்றுத் தேறியதும், முதல் நாளே இடுப்பில் 4 கிலோ ஈயத்தைக் கூடுதலாகக் கட்டிவிட்டார்கள். கண்ணாடியைத் தேய்க்க நாம் அதைத் தள்ளினால் அது நம்மைப் பின்னால் தள்ளும். மிதந்துகொண்டு தேய்த்தால் நாம்தான் நகர்வோம், பாசி நகராது.

கண்ணாடி என்று சொல்கிறோமே

பெரிய தொட்டிகளில் அது பெரும்பாலும் கண்ணாடியே இல்லை, அக்ரிலிக். தடிமனாக வார்க்கலாம், வளைக்கலாம், தெளிவும் அதிகம். ஆனால் மிகவும் மென்மை. தேய்க்கும் துணிக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு மணல் துகள் மாட்டினால் போதும், நீங்கள் கையை வீசிய வழியெல்லாம் வில் மாதிரி ஒரு கீறல் விழும். வெளியே நிற்பவர்களின் கண் நேராக அதில்தான் போய் நிற்கும். அதை மெருகேற்றிப் போக்குவது தேய்ப்பதைப் போலப் பத்து மடங்கு வேலை.

அதனால் சில பழக்கங்கள். துணியை எடுத்ததும் உதறி, இன்னொரு கையால் தடவிப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழே வர வேண்டும், ஏனென்றால் பெயர்ந்த பாசி கீழேதான் இறங்கும். தரையில் மணல் சேரும் கடைசி ஒரு சாண் பகுதியைத் தனித் துணியால், கடைசியில், நேர்க்கோட்டில் மட்டும் தேய்க்க வேண்டும். அந்தத் துணி மறுபடி மேலே போகவே கூடாது. துணி கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. கையுறை, கைக்கடிகாரம், ஏன் சிலிண்டரின் வால்வுகூட அக்ரிலிக்கில் உரசலாம். திரும்பும்போது முதுகில் ஒரு சிலிண்டர் இருக்கிறது என்ற ஞாபகம் வர எனக்கு ஒரு மாதம் ஆனது. மாஸ்க் வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, நான்கில் ஒரு பங்கு அருகில் தெரியும். முதல் சில நாள் கையை நீட்டுவீர்கள், கண்ணாடி அங்கே இருக்காது.

பாறையைத் தேய்ப்பது வேறு வித்தை. பச்சைப் பாசியை எடுக்கலாம். இளஞ்சிவப்பாகச் சுண்ணாம்பு பூசியது போல் ஒட்டியிருப்பதைத் தொடக்கூடாது. அதுவும் பாசிதான், ஆனால் இருக்க வேண்டிய பாசி. தெரியாமல் ஒரு பாறையை வெள்ளை வெளேரென்று தேய்த்துவிட்டுப் பெருமையாக மேலே வந்தவர்கள் எங்கள் குழுவில் இருவர். நான் அதில் ஒருத்தி.

இறங்கும் முன் நடப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். தீனி அறையில் உறைந்த மீனையும் கணவாயையும் பனி நீக்கி, ஒவ்வொரு விலங்கின் வாய்க்கு ஏற்ற அளவில் வெட்ட வேண்டும். சில வகை மீன்களின் உடம்பிலேயே இருக்கும் ஒரு நொதி, சேமித்து வைத்திருக்கும்போது அவற்றிலுள்ள வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். அதனால் மீனின் செவுளுக்குள் மாத்திரை திணிப்போம். பிறகு உபகரணம். பல இடங்களில் சொந்த வெட்சூட், ரெகுலேட்டர் எதையும் தொட்டிக்குள் விடமாட்டார்கள், விட்டாலும் கிருமிநாசினியில் முக்கிய பிறகுதான். கடலில் நனைந்த சூட்டோடு ஒட்டுண்ணி வந்தால் அடைபட்ட தண்ணீரில் அதற்கு மொத்தத் தொட்டியும் விருந்து. உறிஞ்சும் குழாய்கள் எங்கே இருக்கின்றன, எந்த பம்ப் நின்றிருக்கிறது என்பதைக் காதில் வாங்காமல் இறங்காதீர்கள். மேலே ஒருவர் எப்போதும் நிற்பார், பலகையில் நம் பெயர், இறங்கிய நேரம், சிலிண்டர் அழுத்தம் எல்லாம் எழுதப்படும்.

கொண்டுபோகும் பொருளையும் எண்ணி எழுதுவார்கள். துணி மூன்று, தூரிகை ஒன்று, சுரண்டி ஒன்று. வெளியே வரும்போதும் அதே எண்ணிக்கை வர வேண்டும். இது எனக்கு அலுவலகக் கெடுபிடியாகத்தான் தோன்றியது, என் தலைமுடியில் கட்டியிருந்த ரப்பர் பேண்ட் காணாமல் போகும்வரை. மேலே வந்து தலையைத் துவட்டும்போதுதான் தெரிந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம், கருப்பு ரப்பர், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தத் தொட்டியில் ஓர் ஆமை இருக்கிறது. மிதக்கும் எதையும் தின்று பார்க்கும் பிராணி. சொன்னேன். மூன்று பேர் 40 நிமிடம் மணலை விரலால் அளந்தோம். வடிகட்டியின் சல்லடையில் கிடைத்தது. யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

உள்ளே இருப்பவர்கள்

சுறாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொட்டியில் இருப்பவை சாண்ட் டைகர் சுறாக்கள். வாயை மூடினாலும் ஊசிப் பற்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பார்க்கப் பயங்கரம். உண்மையில் மந்தமான பிராணி. மேற்பரப்புக்குப் போய்க் காற்றை விழுங்கி, வயிற்றில் வைத்துக்கொண்டு மிதப்பைச் சரிசெய்யும். நான் இரண்டு மாதம் போராடிக் கற்றதை அது பிறவியிலேயே செய்கிறது. அது வரும் பாதையில் நிற்காதீர்கள், வழிவிட்டால் போய்விடும். ஒருவர் தேய்க்கும்போது இன்னொருவர் கையில் ஒரு குழாய்த் தடியோடு சுறாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். தடி அடிக்க இல்லை, நடுவில் ஓர் இடைவெளி வைக்கத்தான்.

என்னைப் பயமுறுத்தியது கிளாத்தி. முன்கை நீளம்கூட இல்லாத மீன். முட்டையிட்டுக் கூட்டைக் காக்கும் நாட்களில், கூட்டுக்கு மேலே கூம்பு மாதிரி விரியும் தண்ணீர் முழுவதும் தன் எல்லை என்று நினைத்துக்கொள்ளும். நான் அது தெரியாமல் நேரே மேலே ஏறித் தப்பிக்கப் பார்த்தேன். மேலே போகப் போகக் கூம்பு அகலம்தானே. துடுப்பைக் கடித்துக்கொண்டு மேற்பரப்பு வரை வந்தது. கிளாத்தி துரத்தினால் பக்கவாட்டில் விலகுங்கள், அதற்கு முகத்தைக் காட்டி, துடுப்பை நடுவில் வைத்துக்கொண்டு.

பாம்பு மாதிரி நீண்ட அஞ்சாலை மீனுக்குக் கண் மங்கல், மூக்கு கூர்மை. தீனி நறுக்கிய கையோடு அதன் பொந்தருகே போனால் விரலையும் கணவாயையும் அது பிரித்துப் பார்க்காது. திருக்கை தானாக வம்புக்கு வராது. மணலில் புதைந்து கிடக்கும்போது முழங்காலை வைத்துவிட்டால்தான் முள் பேசும். அதனால் மணலில் இறங்கும் முன் கையிலுள்ள தூரிகையால் மெதுவாகக் கிளறுங்கள். குத்திவிட்டால் தாங்கும் அளவு சூடான தண்ணீரில் காயத்தை வைப்பது முதலுதவி, பிறகு மருத்துவர். களவா மீன் சும்மா பின்னாலேயே வரும். கிளீனர் ராஸ் என்ற விரலளவு மீன் வந்து காதைக் கொத்திச் சுத்தம் செய்யும். கூச்சத்தில் சிரித்தால் மாஸ்க்கில் தண்ணீர் ஏறும்.

எதையும் தடவிக்கொடுக்காதீர்கள். மீனின் மேலுள்ள வழவழப்புதான் அதன் காப்பு.

வெளியே நிற்கும் மனிதர்களும் வேலையில் ஒரு பகுதிதான். தேய்த்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடியில் ஒரு சின்னக் கை ஒட்டும். நிறுத்திவிட்டு அதே இடத்தில் உங்கள் கையை வையுங்கள். கல், காகிதம், கத்தரி விளையாடலாம், காற்று இருக்கும்வரை. முழுமுக மாஸ்க்கில் மைக் பொருத்தி உள்ளிருந்து பேசும் நிகழ்ச்சிக்கு என்னை ஒருமுறை விட்டார்கள். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அதை இன்னொருவர் நன்றாகச் செய்கிறார், நான் தூரிகைக்கே திரும்பிவிட்டேன்.

உடம்புக்கு

ஆழம் குறைவு என்பதால், அழுத்தத்தில் உடம்பில் கரையும் நைட்ரஜனால் வரும் தொல்லை இங்கே அரிது, காதுதான் பாடுபடும். ஒரு காலையில் துணி மாற்ற, தீனி வாளி வாங்க என்று பத்துமுறை ஏறி இறங்குவோம், ஒவ்வொரு முறையும் காதைச் சமன்படுத்த வேண்டும். சளி இருந்தால் போகாதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், மாத்திரையின் வேலை பாதியில் தீரும்போது மேலே வர முடியாமல் காது அடைக்கும். காரணம் சொல்லாமலே இன்று வேண்டாம் என்று யாரும் டைவை நிறுத்தலாம் என்ற விதி எல்லா நல்ல குழுவிலும் உண்டு. அதை முதல் வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. இரண்டாம் வருடம் மூன்று முறை.

25 டிகிரித் தண்ணீர் சூடாகத்தான் தெரியும். ஆனால் தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும், நாமோ நீந்தாமல் ஒரே இடத்தில் நின்று தேய்க்கிறோம். விடுமுறையில் 3 மில்லிமீட்டர் சூட் போதுமென்றால் இங்கே 5 கேளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீரில் விடாதீர்கள். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி அந்த வழியாக நுழைந்து, ஆறாத கட்டியாக வாரக்கணக்கில் நிற்கும். அப்படி ஏதாவது வந்தால் மீன் தொட்டியில் வேலை செய்கிறேன் என்று மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள், அவருக்குத் தோன்ற வாய்ப்பில்லை. டைவ் முடித்த அன்றே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் இடைவெளி என்பது வழக்கமான அறிவுரை.

முதல் நாள் பையில் லாக் புக், சான்றிதழ்களின் நகல், இரண்டு துண்டு, உலர்ந்த உள்ளாடை, கம்பளிக் குல்லா, காதைக் கழுவ நல்ல தண்ணீர் ஒரு புட்டி. மோதிரம், கம்மல், சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும். நீளமுடிக்காரர்கள் தலையில் இறுக்கமான குல்லாய் மாட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டை நம்ப வேண்டாம்.